மண்வெட்டியும் அளவுப் புத்தகமும்

ஒரு பொய்ப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டவன் என்ற தகுதியில் இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். வேறு தகுதி எனக்கு இல்லை. நான் எஞ்சினீயர் அல்ல. விவசாயமும் என் தகப்பனாரோடு போயிற்று. கதை எழுதிப் பிழைக்கிறவன். கதையில் பொய் எழுதினால் யாரும் கோபித்துக்கொள்வதில்லை. கிராம சபை நோட்டில் எழுதினால் அப்படியல்ல என்பதை, எண்பது வயதை நெருங்கும் ஒரு கிழவி எனக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது.

2025 ஆகஸ்டு 15-ஆம் தேதி சொந்த ஊரில் இருந்தேன். சிவகங்கைச் சீமையில், ஒரு கண்மாயை நம்பி உட்கார்ந்திருக்கிற சிறிய ஊர். ஊரின் பெயர் வேண்டாம். பெயரைச் சொன்னால் அந்த ஊர்க் கிளார்க் ஒருவருக்குத்தான் தலைவலி, வேறொன்றும் நடக்காது. எனக்கு ஓட்டு இன்னும் அங்கேதான் இருக்கிறது. கொடியேற்றி, மிட்டாய் கொடுத்து முடிந்ததும், பள்ளிக்கூடத்துப் புளியமரத்தடியில் ஜமக்காளம் விரித்துக் கிராம சபை கூடியது. கூடியது என்றால் ஓர் அறுபது பேர். தலைவர் நாற்காலி காலி. 2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் காலம் 2025 ஜனவரியோடு முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பில் ஊராட்சிகள் இருந்த சமயம் அது. ஒரு தனி அலுவலருக்கு எத்தனையோ ஊர்கள். அத்தனை புளியமரத்தடியிலும் ஒரே காலையில் அவர் எப்படி உட்காருவார், பாவம்? வரவில்லை.

கிளார்க் நோட்டை நீட்டினார். “வந்தவங்க எல்லாம் கையெழுத்துப் போட்ருங்க. சார், நீங்க முதல்ல போடுங்க. எழுத்தாளர் கையெழுத்து முதல்ல இருந்தா நோட்டுக்கே ஒரு மரியாதை.” இந்த மாதிரி வார்த்தைக்கு மயங்காத எழுத்தாளன் இன்னும் பிறக்கவில்லை. பக்கத்தின் மேல் பாதி வெள்ளையாக இருந்தது. கீழ்ப் பாதியில் முதல் வரியில், என் பேனாவால், சுழித்து, முழுப் பெயரையும் போட்டேன். பிறகு ஒரு சிறுமி தண்ணீர்ச் சிக்கனம் பற்றி மனப்பாடமாகப் பேசினாள். நன்றாகவே பேசினாள், கைதட்டினேன். யாரோ ஒரு பிள்ளை போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தான். அவ்வளவுதான், கூட்டம் முடிந்தது.

நவராத்திரிக்கு மறுபடி ஊருக்குப் போனபோது அந்த அம்மாள் காலனியிலிருந்து என் வீட்டு வாசலுக்கு வந்தாள். அவள் மகன் என்னோடு ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். திண்ணையில் உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“ஏந் தம்பி, எங்க தெருவுக்குத் தண்ணி தாராளமா வருதுன்னு நீங்க கையெளுத்துப் போட்டிருக்கீகளாமே. எப்ப வந்து பாத்தீக?”

“நான் அப்படி ஒண்ணும் போடலையே, ஆத்தா.”

கூட வந்திருந்த பேத்தி கல்லூரியில் படிக்கிறவள். ஒன்றும் பேசாமல் போனை என் கையில் கொடுத்தாள். ஊராட்சி ஆபீசுக்குப் போய் அந்தப் பக்கத்தைப் படம் பிடித்து வந்திருக்கிறாள். நான் வெள்ளையாகப் பார்த்த மேல் பாதியில் இப்போது நீல மையில் ஒரு தீர்மானம் இருந்தது: ‘இவ்வூரில் அனைத்து வீடுகளுக்கும் குழாய் இணைப்பு வழங்கப்பட்டு, போதிய அளவு தரமான குடிநீர் நாள்தோறும் கிடைத்து வருவதை இச்சபை ஏகமனதாக உறுதி செய்கிறது.’ அதன் கீழே என் கையெழுத்து, சுழி கொஞ்சமும் குறையாமல். அடுத்து ஒரு வீடியோவைக் காட்டினாள். அதில் நான் கைதட்டிக்கொண்டிருந்தேன். அந்தச் சிறுமிக்குத் தட்டிய கை, குழாய்க்குத் தட்டியதாக ஆகிவிட்டது.

அன்று மாலையே காலனிக்குப் போனேன். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் குழாய் இருந்தது, பொய் இல்லை. சிமெண்டுக் கட்டையில் வீட்டுக்காரர் பெயர்கூட எழுதியிருந்தது. ஒரு குழாயில் ஆட்டுக்குட்டியைக் கட்டியிருந்தார்கள். விடியற்காலை மோட்டார் போடும்போது நூல் மாதிரி ஒழுகும். பிடிக்கிறவர்கள் பிடித்துக்கொள்ள வேண்டியது. நல்ல நாளில் தன் வீட்டுக்கு ஆறு குடம் கிடைக்கும் என்றாள் ஆத்தா. வீட்டில் ஐந்து பேர். ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்பது சர்க்கார் ஒப்புக்கொண்ட அளவு. ஐந்து பேருக்கு 275 லிட்டர். குடம் பதினைந்து லிட்டர் என்று வைத்தால் பதினெட்டுக் குடத்துக்கும் மேலே. ஆறு எங்கே, பதினெட்டு எங்கே?

எங்கள் கண்மாயில் முன்பு நீர்ப்பாய்ச்சியாக இருந்த பெரியவரையும் கூட அழைத்துப் போயிருந்தேன். எந்த வயலுக்கு எந்த மடையில் எத்தனை நாழிகை தண்ணீர் என்று நாற்பது வருஷம் கணக்கு வைத்திருந்தவர். வாய்க்கால் ஓரத்தில் ஓரிடத்தில் குழாய் வெளியே தெரிந்தது. காலால் மண்ணைத் தள்ளிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இதைப் பொதைக்கலே தம்பி. மண்ணைப் போட்டுப் போத்தி விட்டிருக்காங்க.” எத்தனை அடி ஆழத்தில் புதைத்திருக்க வேண்டும்? காலனிக்குத் தனி லைன் போட வேண்டியதா, அல்லது ஊர்த் தெருவில் மோட்டார் வைத்து உறிஞ்சும் வீடுகளைத் தாண்டி வருகிற இந்த லைன்தானா? யாருக்கும் தெரியவில்லை. மதிப்பீட்டைப் பார்த்தவர் ஊரிலேயே ஒருவர்கூட இல்லை. ஆனால் வேலை சரியாக முடிந்தது என்று அறுபது பேர் சாட்சி சொல்லியிருக்கிறோம்.

‘மக்கள் பங்களிப்பு’ என்று சர்க்கார் சொல்கிறதே, அதன் முழு லட்சணமும் இதுதான் என்பது என் கட்சி. எங்கள் ஊர்க் கிளார்க் ஒருவர் செய்த காரியமாக இதை நினைத்தால் ஏமாந்து போவோம். அவர் ஒரு சாதாரண மனிதர். மேலே இருந்து கேட்டார்கள், கேட்டதை அனுப்பினார். எதைக் கேட்க வேண்டும் என்று வகுத்தவர்களோடுதான் எனக்குச் சண்டை.

2019 ஆகஸ்டு 15-ஆம் தேதி ஜல் ஜீவன் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, நாட்டில் கிராமத்து வீடுகளில் நூற்றுக்குப் பதினேழுக்குத்தான் குழாய் இருந்தது. அந்த நிலையை மாற்ற எழுந்த திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. குடத்தைத் தூக்கிக்கொண்டு இரண்டு மைல் நடந்த பெண்களின் ஊரிலிருந்து வந்தவன் நான். அந்தத் திட்டத்தின் விதிகளையும் படித்துப் பார்த்தேன். கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருக்கிறது. ஊருக்கு ஒரு குடிநீர்க் குழு. பத்திலிருந்து பதினைந்து பேர். பாதிப் பேர் பெண்கள். கால் பங்கு நலிந்த பிரிவினர். தண்ணீரைப் பரிசோதிக்க ஊருக்கு ஐந்து பெண்களுக்குப் பயிற்சி. வேலை முடிந்தது என்று எஞ்சினீயர் சான்று கொடுத்தால் போதாது. கிராம சபை கூடி, ஆம், தண்ணீர் வருகிறது என்று தீர்மானம் போட வேண்டும், அதை வீடியோவும் எடுக்க வேண்டும். இதைவிட ஒரு ஜனநாயகம் எங்கே இருக்கிறது? எல்லாம் இருக்கிறது. ஒன்றுதான் இல்லை. கிராம சபை ‘இல்லை, தண்ணீர் வரவில்லை’ என்று தீர்மானம் போட்டால் காண்டிராக்டரின் பில் அந்த நிமிஷமே நின்றுவிடும் என்ற ஏற்பாடு எங்கள் ஊர்ப் புளியமரத்தடிக்கு வந்து சேரவில்லை. ஆமாம் சொல்ல மட்டும் அதிகாரம் உள்ள சபைக்கு என்ன பெயர் வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பஜனை மடம் என்று சொன்னால் பஜனைக்காரர்கள் கோபிப்பார்கள்.

பயிற்சி பெற்ற ஐந்து பெண்களில் இருவரைச் சந்தித்தேன். ஒரு நாள் பயிற்சி, மத்தியானச் சாப்பாடு, போட்டோ. பரிசோதனைப் பெட்டி ஊராட்சி ஆபீஸ் பீரோவில். இரண்டு தடவை சோதித்து எழுதிக் கொடுத்தார்களாம். “என்ன பதில் வந்துச்சும்மா?” என்று கேட்டேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதில் என்று ஒன்று வரும் என்றே அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

‘மூன்றாம் தரப்பு ஆய்வு’ என்று ஒன்று இருக்கிறது. முதல் தரப்பு சர்க்கார். இரண்டாம் தரப்பு காண்டிராக்டர். மூன்றாம் தரப்பு, சர்க்கார் சம்பளம் கொடுத்துப் பார்வையிட அனுப்பும் கம்பெனி. அந்தத் தண்ணீரைக் குடிக்கிறவன் எந்தத் தரப்பு? நாலாம் தரப்பு என்று ஒன்றை யாராவது உண்டாக்கினால் அதில் சேர நான் தயார்.

இது இன்றைக்கு வந்த நோய் அல்ல. 1952 அக்டோபர் 2-ஆம் தேதி சமுதாய அபிவிருத்தித் திட்டம் தொடங்கியபோதே ‘மக்கள் ஒத்துழைப்பு’ என்பதுதான் மந்திரம். ஐந்து வருஷம் கழித்து, 1957-ல், பல்வந்த்ராய் மேத்தா குழு அந்தத் திட்டத்தைப் பரிசீலித்து, ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்புகள் கையில் அதிகாரத்தைக் கொடுக்காமல் இது நடக்காது என்று சொல்லிற்று. 1992-ல் அரசியல் சட்டத்தையே 73-ஆவது தடவையாகத் திருத்தி, சிறு பாசனத்தையும் குடிநீரையும் பஞ்சாயத்துக்குரிய விஷயங்களின் பட்டியலில் சேர்த்தார்கள். 2002-ல் ஸ்வஜல்தாரா வந்தது. செலவில் நூற்றுக்குப் பத்து ஊர்க்காரர்கள் போட வேண்டும் என்றது. ஜல் ஜீவனிலும் ஊருக்குள் நடக்கும் வேலைக்கு அதே பத்து. மலைப் பகுதிகளிலும், பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் பாதிக்கு மேல் உள்ள ஊர்களிலும் ஐந்து. ஜனங்களின் பணப் பங்கை எவ்வளவு சுத்தமாக, தசம பாகமாகக் கணக்குப் போட்டிருக்கிறார்கள் பாருங்கள்! அதிகாரத்தில் அவர்களுடைய பங்கு நூற்றுக்கு எத்தனை என்று எழுத மட்டும் எந்தப் பேனாவிலும் மை இல்லாமல் போயிற்று.

இந்த இடத்தில் என்னையே நான் கூண்டில் ஏற்ற வேண்டும். 2017-ல் தமிழ்நாட்டு அரசு குடிமராமத்தை மறுபடி தொடங்கியது. முதல் கட்டத்தில் 100 கோடி ரூபாய், 1,519 வேலைகள். 2019-20-ல் சுமார் 500 கோடி, 1,829 வேலைகள். சர்க்கார் தொண்ணூறு பங்கு, ஆயக்கட்டு விவசாயிகள் பத்துப் பங்கு. பணமாகவோ, பொருளாகவோ, உழைப்பாகவோ தரலாம். இதைக் கேட்டதும் எனக்குப் புல்லரித்துவிட்டது. சோழன் காலம் திரும்பிவிட்டது என்று ஒரு பத்திரிகையில் நாலு பக்கம் எழுதினேன். கட்டுரையைப் பாராட்டி வந்த கடிதங்களை இன்னும் வைத்திருக்கிறேன். இப்போது படித்தால் வெட்கமாக இருக்கிறது.

ஏனென்றால் அந்த 2017-ல் தமிழ்நாட்டில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரு ஊராட்சித் தலைவர்கூட இல்லை. முந்தையவர்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. தேர்தல் நடந்தது 2019 டிசம்பரில்; மீதி ஒன்பது மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில். குடிமராமத்து என்ற பெயரில் குடிகளை அழைத்த வருஷங்களில், குடிகள் தேர்ந்தெடுத்த பஞ்சாயத்தே இல்லை! கல்யாணத்துக்குப் பந்தல் போட்டு, மேளம் கொட்டி, பெண்ணையும் மாப்பிள்ளையையும் மட்டும் மறந்துவிட்ட கதை. நான் அந்தப் பந்தலில் நின்று வாழ்த்துப்பா பாடினேன்.

‘குடிமராமத்து’ என்ற சொல்லின் மேல் எனக்கிருந்த காதலும் அரைகுறைப் படிப்பின் காதல்தான். அந்தச் சொல் ஆங்கிலேயர் சட்டத்தில் எங்கே வருகிறது தெரியுமா? 1858-ஆம் ஆண்டின் முதல் சட்டத்தில். சட்டத்தின் பெயரே சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம். கரை உடையும் ஆபத்து வந்தால் ஊர்க்காரனை உழைப்புக்கு இழுக்கலாம். வழக்கமாகச் செய்து வந்த மராமத்தை அவன் செய்யாவிட்டால் தண்டம் வசூலிக்கலாம். ஊருக்கு ஊர் தாமாக நடந்து வந்த ஒரு வழக்கத்தில், உழைப்பை மட்டும் கிள்ளி எடுத்துச் சட்டமாக்கினார்கள். உழைப்போடு சேர்ந்திருந்த மற்றவை, தண்ணீர் எப்போது திறப்பது, மீன் பாசி யாருக்கு, அந்தப் பணத்தில் எந்த மடையைப் பழுது பார்ப்பது என்ற தீர்மானங்கள், மெல்ல மெல்ல ஊரை விட்டுப் போயின. இன்றைக்கு நாற்பது ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய் ஓர் இலாகா. அதற்குக் கீழே உள்ளது ஊராட்சி ஒன்றியம். தமிழ்நாட்டின் சுமார் 39,000 ஏரி கண்மாய்களையும் இப்படிப் பங்கு பிரித்தாயிற்று. அந்த 1858-ஆம் வருஷத்துப் புத்தி இன்னும் மாறவில்லை என்றுதான் சொல்கிறேன். மண்வெட்டி தூக்க ஊரை அழைக்கிறோம். கணக்குப் பார்க்க அழைப்பதில்லை.

கணக்கு என்றேன். எந்தக் கணக்கு என்று பட்டணத்து வாசகர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். எந்தப் பொதுப்பணிக்கும் முதலில் ஒரு மதிப்பீடு உண்டு: எத்தனை அடி நீளம், எத்தனை ஆழம், எந்த ரகக் குழாய், எத்தனை மூட்டை சிமெண்டு. வேலை நடக்க நடக்க, நடந்த வேலையை அளந்து எழுத ஓர் அளவுப் புத்தகம் உண்டு. எம்.புக் என்பார்கள். ஓவர்சியர் அளந்து எழுதுவார், மேலதிகாரி சரிபார்ப்பார், அதை வைத்துத்தான் பில். திட்டத்தின் உயிர் அந்தப் புத்தகத்தில்தான் இருக்கிறது. ராட்சசனின் உயிர் ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் இருக்கிற மாதிரி. குழாய் மூன்றடி ஆழத்தில் புதைந்ததாக அதில் எழுதிவிட்டால், அது நிலத்துக்கு மேலே வெயில் காய்ந்துகொண்டிருந்தாலும், சர்க்காரைப் பொறுத்தவரை அது மூன்றடி ஆழத்தில்தான் இருக்கிறது.

“அளவுப் புத்தகத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா?” என்று எங்கள் பக்கத்து எஞ்சினீயர் ஒருவரைக் கேட்டேன். நல்ல மனிதர், என் நாவல் ஒன்றைப் படித்தவர். சிரித்தார். “அதெல்லாம் ஆபீஸ் ரெக்கார்டு சார். டெக்னிக்கல். உங்களுக்குப் புரியாது.”

நீளத்தை அகலத்தால் பெருக்கி ஆழத்தால் பெருக்குவது எனக்குப் புரியாதாம். போகட்டும், எனக்குப் புரியாது. கணக்கில் நான் எப்போதும் மட்டம். எங்கள் ஊர்க் கொத்தனாருக்குப் புரியாதா? வேலை உறுதித் திட்டத்தில் குழி அளந்து கூலி வாங்கிய பெண்களுக்குப் புரியாதா? தங்கள் குழியில் ஓரங்குலம் குறைந்தால் கூலியில் குறைத்த சர்க்காரின் அளவுகோல் அவர்களுக்கு அத்துப்படி. அதே அளவுகோலைக் காண்டிராக்டரின் குழிக்குள் விட்டுப் பார்க்கத்தான் தடை.

இதை எட்டாத கனவு என்று யாரும் சொல்ல வேண்டாம். 1994-ல் ராஜஸ்தானத்தில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்ற கிராமத்துக் கூலிகளின் சங்கம் பஞ்சாயத்துக் கணக்குகளைக் கையில் வாங்கி, ஊர் நடுவே, கூடாரத்தின் கீழ், உரக்கப் படித்தது. வேலைக்கே வராதவர்கள் பெயரில் கூலி, எழும்பாத கட்டடங்களுக்குச் செலவு எல்லாம் படிக்கப் படிக்க வெளியே வந்தன. எழுத்தறியாத ஜனங்கள் காதால் கேட்டுத் தணிக்கை செய்தார்கள். அங்கிருந்து கிளம்பிய கோரிக்கைதான், 1996-ல் பியாவர் நகரத்துத் தர்ணாவைக் கடந்து, 2005-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக வந்து நின்றது. அந்தச் சட்டத்தின் இரண்டாம் பிரிவைப் பலர் படிப்பதில்லை. காகிதத்தின் நகலைக் கேட்கும் உரிமை மட்டுமல்ல, நடக்கிற வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் மாதிரியைச் சான்றோடு எடுக்கவும் உரிமை அதில் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் ஒரு குடியானவன் சிமெண்டுக் கலவையில் ஒரு பிடி எடுத்துக்கொள்ளலாம். 2005-ன் வேலை உறுதிச் சட்டம் தன் 17-ஆம் பிரிவில் கிராம சபையின் சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. 2017-ல் மேகாலயம் சமூகத் தணிக்கைக்கென்றே ஒரு தனிச் சட்டம் செய்தது. சட்டம் செய்யத் தெரியாமல் நாம் இல்லை.

உத்திரமேரூரை நினைத்துப் பெருமைப்படும் அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. நானும் பெருமைப்பட்டவன்தான். முதல் பராந்தகன் காலத்து, 919, 921-ஆம் ஆண்டுகளின் கல்வெட்டுகள், குடவோலை, ஏரிக்கென்றே ஏரி வாரியம். மேடையில் இதைச் சொல்லாத தலைவர் இல்லை. ஆனால் அந்தக் கல்லில் பொறித்திருக்கிற ஒரு நிபந்தனையை மட்டும் மேடையில் யாரும் வாய் திறந்து சொல்லக் காணோம். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனும், அவனுடைய நெருங்கிய உறவினர்களும், மறுபடி குடவோலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர்கள். உறவினர்களுமாம்! இன்றைக்கு இந்த ஒரு வரியை அமல்படுத்தினால் எத்தனை குடும்பங்களுக்கு வேலை போகும் என்று யோசித்துப் பார்க்கிறேன். உறக்கம் வருவதில்லை, சந்தோஷத்தால். அதே கல்வெட்டில், வரி கட்டும் கால் வேலி நிலமும் வேத சாஸ்திர ஞானமும் இல்லாதவனுக்கு இடமில்லை என்றும் இருக்கிறது. அது பிராமணர்களின் சபை. ஏரியில் மண் சுமந்தவன் பெயர் எந்தக் குடத்துக்குள்ளும் போகவில்லை. ஆகவே சோழன் காலம் திரும்ப வேண்டும் என்று நான் இனிமேல் எழுத மாட்டேன். அந்த ஒரு நிபந்தனை மட்டும் திரும்பட்டும்.

ஜனங்கள் கூட்டத்துக்கே வருவதில்லை, அவர்களிடம் கணக்கைக் கொடுத்து என்ன பயன் என்று அதிகாரிகள் கேட்கிறார்கள். வருவதில்லைதான். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, ஏற்கெனவே எழுதி வைத்த தீர்மானத்துக்குக் கைதூக்க எந்தப் புத்தியுள்ளவன் வருவான்? எங்கள் ஊரில் கோயில் வரவு செலவுக் கணக்குப் படிக்கிற அன்று வந்து பாருங்கள். உட்கார இடம் இருக்காது. பாதிரியார் மாதிரி சாந்தமான மனிதர்கள் எல்லாம் பதினோரு ரூபாய்க் கற்பூரச் செலவுக்கு எழுந்து நின்று கத்துவார்கள். கணக்கு இருக்கிற இடத்துக்கு ஜனம் வரும்.

2022-லிருந்து கிராம சபையை ஆண்டுக்கு நாலு நாளிலிருந்து ஆறு நாளாக்கியிருக்கிறார்கள். மார்ச் 22, உலகத் தண்ணீர் தினம், அதில் ஒன்று. நல்லது. வெறும் கூட்டத்தை நாலுக்குப் பதில் ஆறு தடவை நடத்தினால் ஆறு தடவை வெறுமையாக இருக்கும், அவ்வளவுதான்.

இன்னொரு ஆட்சேபணை இருக்கிறது. அதை என்னால் இவ்வளவு எளிதாகத் தள்ளிவிட முடியவில்லை. ‘ஊர்’, ‘மக்கள்’, ‘சமூகம்’ என்கிறாயே, அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்கிறார்கள். 2022 டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில், பட்டியல் சாதி மக்கள் குடிக்கிற மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்த செய்தி வந்ததே. அதற்குப் பிறகு தண்ணீர் விஷயத்தில் ‘ஊர் ஒற்றுமை’ என்று பேச நாக்கு கூச வேண்டும். என் சொந்த ஊரிலேயே அன்று புளியமரத்தடியில் இருந்த அறுபது பேரில் காலனிக்காரர்கள் எத்தனை பேர்? நான் எண்ணிப் பார்க்கவில்லை. எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை என்பதுதான் விஷயம். ‘அனைத்து வீடுகளுக்கும்’ என்ற சொல்லில் அவர்களை அடக்கிவிட்டோம். கண்காணிப்பை ஊர்ப் பெரிய மனிதர்கள் கையில் கொடுத்தால், காண்டிராக்டருக்குப் பதில் இவர்கள் திருடுவார்கள். அல்லது காலனிக் குழாயில் காற்று வந்தால் போதும் என்று கையெழுத்துப் போடுவார்கள். என்னைப் போல.

ஆனால் இதற்கு மருந்து கணக்கை இன்னும் இறுக்கிப் பூட்டுவது என்பது எனக்கு விளங்கவில்லை. தெருக்கோடியில் இருப்பவளுக்கும் அது காதில் விழும்படி செய்வதுதான் மருந்து. குழாய் வேலையில் ஒரு வசதி உண்டு: கடைசிக் குழாய் பொய் சொல்லாது. முதல் வீட்டில் எப்போதும் தண்ணீர் வரும். கடைசி வீட்டில் வந்தால்தான் திட்டம் வந்தது என்று அர்த்தம். கண்மாய்க்கும் அப்படித்தான், கடைமடை. ஆகவே பில்லுக்கு வேண்டிய கையெழுத்தை வரிசையின் கடைசிக் குழாய்க்காரரிடமிருந்து தொடங்குங்கள் என்கிறேன். எழுத்தாளர் கையெழுத்து கடைசியில் இருந்தால் போதும், இல்லாவிட்டாலும் குற்றமில்லை. மதிப்பீட்டை வேலை தொடங்குமுன், அடிக் கணக்கில், நல்ல தமிழில், காலனிச் சுவரில் எழுதுங்கள். ‘பணியின் பெயர், மதிப்பு, ஒப்பந்ததாரர்’ என்று தகரப் பலகையில் மூன்று வரி எழுதுகிறீர்களே, அதில் எது தெரிந்து எங்களுக்கு என்ன ஆகப்போகிறது? அளவுப் புத்தகத்தைத் தோண்டிய குழியின் பக்கத்தில் நின்று, குழியை மூடுமுன், உரக்கப் படியுங்கள். காண்டிராக்டரிடம் பிடித்து வைக்கிற வைப்புத் தொகையைக் கோடை ஒன்று கழிந்து, கடைசிக் குழாய்க்காரி சரி சொன்ன பிறகு விடுங்கள். முக்கியமாக, தீர்மானத்தை எழுதிப் படித்துவிட்டு அப்புறம் கையெழுத்துக் கேளுங்கள். இந்தக் கடைசிக் கோரிக்கையை ஒரு சுதந்திர நாட்டில் அச்சில் எழுத வேண்டியிருப்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

இப்படிச் செய்தால் காண்டிராக்டர்கள் டெண்டர் போட வர மாட்டார்கள் என்றார் அந்த எஞ்சினீயர் நண்பர். “சில பேர் வர மாட்டாங்க” என்றேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சார், என்னோட கையெழுத்தும் அதே மாதிரிதான்” என்றார். மேலும் விளக்கவில்லை; நானும் கேட்கவில்லை.

என் கையெழுத்தைத் திரும்பப் பெறுவதாக எழுதிக் கொடுத்தேன். ஒரு முறை பதிவான தீர்மானத்தில் தனி ஒருவரின் கையெழுத்தை நீக்க வழியில்லை, வேண்டுமானால் அடுத்த கிராம சபையில் தெரிவிக்கலாம் என்று வாய்ச்சொல்லாகப் பதில் வந்தது. அதன் பிறகு பத்து ரூபாய் கட்டி ஒரு மனு எழுதினேன். மதிப்பீட்டின் நகல், அளவுப் புத்தகத்தின் நகல், வேலையை நேரில் பார்வையிட ஒரு தேதி. மனுவின் கீழே என் பெயருக்கு மேலே பேத்தியின் கையெழுத்தும், அதற்கும் மேலே ஆத்தாவின் இடது கைப் பெருவிரல் ரேகையும் இருக்கின்றன. ரேகை வைக்குமுன் மனுவை முழுவதும் படிக்கச் சொல்லி, இரண்டு தடவை கேட்டுக்கொண்டாள். பதில் சொல்லச் சட்டம் கொடுத்திருக்கிற முப்பது நாளில் இதை எழுதும்போது பத்தொன்பது நாள் கழிந்திருக்கிறது.